கௌஸ் பாயின் டயட் ஸ்லஷ்

ஓமானின் சோஹாரில் பசிக்கிறவர்கள் காரை விட்டு இறங்குவதில்லை. கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடிப்பார்கள். உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து, கண்ணாடி இறங்கும்வரை வெயிலில் நின்று, ஆர்டர் வாங்கிக்கொண்டு திரும்ப ஓடுவார். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இப்படி ஓட ஆள் வைத்திருக்கும் கஃப்டீரியாக்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே ஷவர்மா, ஒரே பர்கர், ஒரே உருளைக்கிழங்கு பொரியல். அதில் ஒன்று கௌஸ் முகைதீனுடையது. காகிதத்தில் கடை ஓர் ஓமானி அர்பாபின், அதாவது ஸ்பான்சரின், பெயரில் இருக்கிறது. அர்பாப் எப்போதாவது வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். மற்றபடி முதலாளி, மேனேஜர், தலைமைச் சமையல்காரர், கடைசியில் விஞ்ஞானி, எல்லாம் கௌஸ் பாய்தான்.

அவர் அதிராம்பட்டினத்துக்காரர். ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் வளைகுடாவில் யாருமில்லை. இளவயதில் பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாவில் அத்தர் கடை வைத்திருந்தார். வாங்கி விற்றிருந்தால் பிழைத்திருப்பார். தானே கலந்தார். அந்த அத்தர் பட்ட சட்டையில் மஞ்சள் கறை விழுந்தது, எந்தச் சோப்புக்கும் போகவில்லை. புகார் சொல்ல வந்தவர்களிடம், கறை விடாத அத்தர் கலப்படம் என்று விளக்கம் சொல்லி அனுப்பினார். கடை மூடிய பிறகும் அந்த விளக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. குவைத் அப்பாசியாவில் ஒரு மளிகைக் கடை, துபாயில் ஒரு துணிக் கடை என்று சுற்றி, சோஹாரில் வந்து நின்றபோது கையில் இருந்தது மனைவி ஹாலிதாவின் நகையும், உலகத்திலுள்ள சகல பொருள்களைப் பற்றியும் ஒரு கருத்தும். நகையை விற்றுக் கடை பிடித்தார். கருத்தை அப்படியே வைத்துக்கொண்டார்.

கடையைத் தூக்கி நிறுத்தியது ஸ்லஷ் மெஷின். மூன்று கண்ணாடித் தொட்டிகளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பனிக்குழம்பு சதா சுழன்றுகொண்டிருக்கும். நீலத்துக்கு ஏதோ ஒரு பழத்தின் பெயரும் உண்டு. அந்தப் பழத்தைச் சோஹாரில் யாரும் பார்த்ததில்லை. நீலம் என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். வெயில் காலத்தில் ஷவர்மா வாங்க வந்தவர்கள்கூட ஷவர்மாவை மறந்துவிட்டு ஸ்லஷ் கேட்டார்கள்.

அப்புறம் எல்லோருக்கும் சுகர் வந்தது.

இது மிகைப்படுத்தல் இல்லை. காரை விட்டு இறங்காமல் பத்து வருஷம் தின்றால் என்ன வருமோ அது வந்தது. வழக்கமாக வரும் வண்டிகளில் ஒவ்வொன்றாகக் கண்ணாடி இறங்கி, "பாய், ஸ்லஷ் வேணாம், டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்" என்றது. தமிழர், மலையாளி, ஓமானி, பாகிஸ்தானி என்ற வேறுபாடில்லாமல் சொன்னது. நீலத் தொட்டி வாரக்கணக்கில் தானே சுழன்று தானே வெளிறியது.

கௌஸ் பாய்க்கு ஒரு யோசனை தோன்றியது. யோசனை தோன்றிய அன்றே போர்டு அடிக்கக் கொடுத்துவிட்டார். "டயட் ஸ்லஷ்! சுகர் மாஃபி!" என்று பச்சை விளக்கில் எரியும் போர்டு. மாஃபி என்றால் வளைகுடா அரபியில் இல்லை என்று அர்த்தம். போர்டு வந்து மாட்டிய பிறகுதான் டயட் ஸ்லஷ் எப்படிச் செய்வது என்று யோசிக்க உட்கார்ந்தார்.

காபியில் போடும் இனிப்பு மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, நீலச் சாயம் சேர்த்துத் தொட்டியில் ஊற்றினார். சற்று நேரத்தில் மெஷின் முனக ஆரம்பித்தது. பிறகு அலறியது. உள்ளே சுற்றும் இறக்கை நின்று, மோட்டார் மட்டும் சுற்றி, கடைசியில் பல் சக்கரம் ஒன்று உடைந்து விழுந்தது. தொட்டியில் ஸ்லஷ் இல்லை, ஒரே பாளமாக நீலப் பனிக்கட்டி இருந்தது. ரிப்பேர் பார்க்க வந்த பெஷாவர்க்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உருதுவில் சொன்னார்: "சீனி இருந்தாத்தான் பாய் இது குழம்பா நிக்கும். சீனி இல்லேன்னா உங்க மெஷின் வெறும் ஃப்ரீசர்."

போர்டோ மேலே எரிந்துகொண்டிருந்தது. சீனியும் போடக்கூடாது, சீனி செய்கிற வேலையும் நடக்க வேண்டும். கௌஸ் பாய் பக்கத்து மளிகைக் கடையில் நின்று இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது, அலமாரியில் குளுக்கோஸ் பொடி டப்பாக்கள் அடுக்கியிருந்தது கண்ணில் பட்டது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளுக்கோஸ்! ஊரில் காய்ச்சல் என்று படுத்தால் என்ன ஏற்றுகிறார்கள்? குளுக்கோஸ். ஆபரேஷன் ஆனவனுக்கு? குளுக்கோஸ். சாகக் கிடக்கிறவனை எழுப்பி உட்கார வைப்பது எது? கெடுதலான பொருளை டாக்டரே நரம்பு வழியாக ஏற்றுவாரா?

தொட்டியில் கொட்டினார். மெஷின் முனகவில்லை. பட்டுப் போலச் சுழன்றது. நாக்கில் வைத்துப் பார்த்தார், சீனி அளவுக்குத் திகட்டவில்லை, அளவான இனிப்பு. டயட் என்றால் இப்படித்தானே இருக்க வேண்டும்?

தட்டு தூக்கி ஓடும் பீகார்க்காரர் ஷம்சாத் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், யே கியா ஹை? சீனி?"

"சீனி மாஃபி. இது தவா. மருந்து. ஆஸ்பத்திரி சாமான்."

"அச்சா," என்றார் ஷம்சாத். அவருக்கு எந்த நிறமும் ஒன்றுதான், தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது.

டயட் ஸ்லஷ் பிடித்துக்கொண்டது. சும்மா பிடிக்கவில்லை, சோஹாரின் சர்க்கரை நோயாளிகள் மொத்தப் பேரும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மருந்து மாத்திரைப் பையை முன் சீட்டில் வைத்துக்கொண்டு, டயட் ஸ்டிக்கர் ஒட்டிய பெரிய கப் வாங்கினார்கள். சாதாரண ஸ்லஷ்ஷைவிட விலை கூட, அதனால் உடம்புக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "சுகர் இல்லாமலே எப்படி பாய் இவ்வளவு டேஸ்ட்டு?" என்று கேட்டவர்களுக்கு கௌஸ் பாய் புன்னகையை மட்டும் கொடுத்தார். கேட்டவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்திருக்கலாம்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது மனைவிக்கும் ஒரு பெரிய கப் கொண்டுபோனார். ஹாலிதாவுக்கும் சுகர். வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. அவள் சோற்றை ஒரு கைப்பிடியாகக் குறைத்தாள். பேரீச்சம்பழத்தை விட்டாள், மாம்பழக் காலத்தில் மாம்பழத்தின் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு மிஞ்சிய ஒரே இனிப்பு, கணவர் பாசத்தோடு கொண்டுவரும் இந்த நீலக் கப். ஆனால் ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் அளவு ஏறிக்கொண்டே போனது. புண் பெரிதானது.

"என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

ஹாலிதா வாயைத் திறக்கும் முன் கௌஸ் பாய் பேசினார். "ஒளிச்சு வெச்சுத் திங்கிறா டாக்டர். பொம்பளைங்களுக்கு நாக்கு அடங்காது. நான் எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கிறா."

"அல்லாஹ் அறிய நான் ஒண்ணும் தின்னல," என்றாள் ஹாலிதா.

"அப்ப காத்துல இருந்தா ஏறுது?"

டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, அடுத்த சோதனையிலும் குறையவில்லையென்றால் இன்சுலின் ஊசிதான், புண் இப்படியே போனால் விரலைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கௌஸ் பாய் வீட்டில் துப்பறிய ஆரம்பித்தார். அடுப்படி டப்பாக்களைத் திறந்து முகர்ந்தார். அரிசி மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவினார். ஹாலிதாவின் கைப்பையில் ஒரு மிட்டாய் கிடைத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை பிறந்தநாளுக்குக் கொடுத்தது, உறைகூடப் பிரிக்கப்படாதது. அதை ஊரிலிருக்கும் மைத்துனருக்குப் படம் எடுத்து அனுப்பினார். "பாத்துக்க, உங்க அக்கா லட்சணத்த." ஹாலிதா அழுதாள். அழுத பிறகு, மனசு ஆற, நீலக் கப்பைக் குடித்தாள்.

இந்தச் சமயத்தில்தான் கல்யாணசுந்தரம் வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி, முத்தமிழ்ச் சுடர் மன்றத்தின் தலைவர், கும்பகோணத்துக்காரர். வீட்டில் மிளகாய்ப்பொடி கேட்பதைக்கூட மேடைத் தமிழில் கேட்பவர். அவருக்கும் சுகர். தினமும் ஆபீஸ் விட்டுப் போகும்போது ஒரு டயட் ஸ்லஷ் வாங்குவார், காரை விட்டு இறங்காமல்.

"பாய், உங்கள் சேவையை மன்றம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது," என்றார் கண்ணாடியை இறக்கி. "வெள்ளிக்கிழமை உங்கள் கடை வாசலிலேயே இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம். வருகிற அனைவருக்கும் உங்கள் டயட் ஸ்லஷ் இலவசம். உங்களுக்குப் பொன்னாடை, பட்டம்."

"பட்டம் எதுக்கு சார்," என்ற கௌஸ் பாய் உடனே, "என்ன பட்டம்?" என்றும் கேட்டார்.

"மக்கள் நலச் சுடர்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கார்கள் நிற்கும் இடத்தில் ஷாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேடையில் பேனர் ஏற்றினார்கள். பேனரில் கல்யாணசுந்தரம் கைகூப்பியபடி இருந்தார். அவருக்குக் கீழே சின்னதாக கௌஸ் பாய். சர்க்கரை நோய் என்ற சொல் பேனரில் எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது. இலவசம் என்றதும் சோஹார்த் தமிழர்கள் முதன்முறையாகக் காரை விட்டு இறங்கி வந்திருந்தார்கள்.

முகாமுக்கு ரத்தம் பார்க்க வந்தவர் ஜெயபாரதி. திருநெல்வேலிக்காரர், இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். மேசையில் மீட்டரை வைத்து வரிசையை நகர்த்தினார். முதலில் ஆளுக்கொரு ஸ்லஷ், பிறகு ஊசி என்பது கல்யாணசுந்தரத்தின் ஏற்பாடு. குடித்துக்கொண்டே நின்றால் கூட்டம் கலையாது என்பது அவர் கணக்கு. கப்புகளின் மூடி சரியில்லை, எல்லார் விரலிலும் நீலம் வழிந்தது.

முதல் ஆளுக்கு நானூறைத் தாண்டியது. இரண்டாமவருக்கு இன்னும் கூட. மூன்றாவது ஆளுக்குச் சுகரே கிடையாது, மனைவிக்குத் துணையாக வந்தவர். அவருக்கு மீட்டர் எண்ணையே காட்டாமல் அளவு தாண்டிவிட்டது என்றது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மதியம் பிரியாணி சாப்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"மீட்டர் சைனா சாமான், வேற என்ன காட்டும்."

"நர்ஸ் அம்மாவுக்கு அனுபவம் பத்தாது போல."

"எனக்கு அப்பவே தெரியும், எம் பொண்டாட்டி சாம்பார்ல வெல்லம் போடுறா."

ஸ்லஷ்ஷை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் டயட் ஆயிற்றே. சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது கப்புக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயபாரதி தட்டுத் தூக்கிக்கொண்டு போன ஷம்சாத்தைப் பிடித்து உட்கார வைத்தார். ஷம்சாத் நாள் முழுக்க ஓடுகிறவர், ஸ்லஷ்ஷை வாயில் வைக்காதவர், ஆனால் கையில் மூன்று நிறமும் ஒட்டியிருந்தது. அவருக்கும் அளவு தாண்டியது. "போய் சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க," என்று அனுப்பி, மறுபடி குத்திப் பார்த்தார். தொண்ணூற்றாறு.

அப்படியானால் முதலில் மீட்டர் பார்த்தது ரத்தத்தை இல்லை, விரலில் ஒட்டியிருந்ததை. வரிசையில் அடுத்து நின்றது ஹாலிதா. கையில் கப், காலில் கட்டு.

"அக்கா, அதக் கொஞ்சம் கொடுங்க."

கப்பின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு நீலத்தைப் புதுச் சோதனைப் பட்டையில் தொட்டு மீட்டரில் செருகினார். அளவு தாண்டிவிட்டது என்றது மீட்டர், ரத்தமே இல்லாமல்.

அதே நேரத்தில் மேடையில் கௌஸ் பாயின் தோளில் பொன்னாடை விழுந்துகொண்டிருந்தது. "பாய்!" என்று ஜெயபாரதி கீழேயிருந்து கத்தினார். "இந்த டயட்டுல என்ன போடுதீங்க?"

கௌஸ் பாய் எத்தனையோ மாதமாகக் காத்திருந்த கேள்வி. மைக்கைத் தானே கையில் வாங்கினார். "சபையில கேட்டதால சொல்றேன். தொழில் ரகசியம். சீனி ஒரு துளி கிடையாது. முழுக்க முழுக்க சுத்தமான குளுக்கோஸ்!"

கூட்டம் கைதட்டியது. கல்யாணசுந்தரம் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

ஜெயபாரதி தட்டவில்லை. ஹாலிதா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, குளுக்கோஸ் நல்லதுதானே? ஆஸ்பத்திரில ஏத்துறாங்களே?"

"உங்க ரத்தத்துல எவ்வளவு சுகர் இருக்குன்னு பாக்கோம்லக்கா, அந்த சுகருக்குப் பேருதான் குளுக்கோஸ். சீனியவாவது உடம்பு உடைச்சு எடுக்கணும். இவரு உடைச்சே குடுத்திருக்காரு."

கைதட்டல் அங்கங்கே நின்றது. முன் வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பின்னால் சொன்னார்கள், கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

ஹாலிதா கப்பை மேசைமேல் வைத்தாள். நொண்டிக்கொண்டே மேடைப் படியில் ஏறினாள்.

"அரிசி மூட்டைக்குள்ள கைய விட்டுத் தேடுனீங்கள்ல?" என்றாள். மைக் கௌஸ் பாய் கையில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "என் பையத் தொளாவுனீங்கள்ல? ஒரு முட்டாய்க்கு என் தம்பிக்குப் படம் அனுப்புனீங்கள்ல? டாக்டர்கிட்ட என்னப் பேச விட்டீங்களா? எங்கேர்ந்து ஏறுதுன்னு கேட்டீங்களே, உங்க கையால ஏறுச்சு!"

"புள்ள, சபையில..."

"சபையிலதான் பட்டம் வாங்குறீங்க."

கௌஸ் பாய் வாழ்க்கையில் முதன்முறையாக விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பொன்னாடையின் ஜரிகையை விரலால் நீவிக்கொண்டு நின்றார். ஹாலிதா இறங்கிக் கடைக்குள் போய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

முகாம் மாபெரும் வெற்றி என்று மன்றத்தின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. படத்தில் பொன்னாடையும் கைகூப்பலும் இருந்தன. ஹாலிதா ஏறிய மேடைப் படி வெட்டப்பட்டிருந்தது.

இரண்டு நாள் மெஷின் ஓடவில்லை. மூன்றாம் நாள் கௌஸ் பாய் போர்டுக் கடைக்குப் போனார். பச்சை விளக்கில் இப்போது "எனர்ஜி ஸ்லஷ்! சுத்தமான குளுக்கோஸ்!" என்று எரிகிறது. தொட்டியில் அதே சாமான்தான். வெயிலில் வேலை பார்த்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் கேம்ப்புக்குத் திரும்புகிறவர்கள் டிரைவரை நிறுத்தச் சொல்லி வாங்கிப் போகிறார்கள். வியாபாரம் முன்பைவிடக் கூட. உண்மையைச் சொல்லியும் பிழைக்கலாம் என்பது கௌஸ் பாய்க்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நாளில் அதையும் தான் முன்பே யோசித்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஹாலிதா நீலக் கப்பை நிறுத்திய பிறகு நடந்த சோதனையில் அளவு இறங்கியது. டாக்டர் ஊசியைத் தள்ளிப்போட்டார். புண் காய ஆரம்பித்தது. விரல் விரலாகவே இருக்கும் என்றார். அந்தத் தடவை கௌஸ் பாய் டாக்டர் அறைக்குள் வரவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

மாலையில் ஹாலிதா கடைக்கு வந்து கல்லாவில் உட்காருகிறாள். தொட்டியில் என்ன விழுகிறது என்பதை அவள் பார்க்காமல் எதுவும் விழுவதில்லை. சுகர் உள்ளவர்களுக்காக அவளே ஒன்று செய்தாள். எலுமிச்சை, உப்பு, புதினா, நொறுக்கிய ஐஸ். சீனியும் இல்லை, குளுக்கோஸும் இல்லை. "உண்மையான டயட்" என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டினாள். வாங்கினவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பிவந்து கேட்டவர் ஜெயபாரதி ஒருவர்தான்.

போன வாரம் கல்யாணசுந்தரத்தின் வண்டி வந்து நின்றது. பக்கத்துச் சீட்டில் அவர் மனைவி. ஷம்சாத் ஓடுவதற்குள் அவரே காரை விட்டு இறங்கிக் கல்லாவுக்கு வந்தார். ஹாலிதா இருப்பதைப் பொருட்படுத்தாமல் கௌஸ் பாயின் காதருகே குனிந்தார். மேடைத் தமிழ் காணாமல் போயிருந்தது.

"பாய், அந்தப் பழசு இருக்குல்ல? நீலம். பெருசா ஒண்ணு போடுங்க. கப்பு மட்டும் அந்த டயட் ஸ்டிக்கர் ஒட்டுன கப்பா இருக்கட்டும். இருக்குல்ல மிச்சம்?"

"சார், அது குளுக்கோஸ்," என்றார் கௌஸ் பாய்.

"எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதுல்ல. முகாம் அன்னிக்கு அவ வரல."

கௌஸ் பாய் வழக்கம்போல ஏதோ விளக்கத்துக்கு வாயைத் திறந்தார். ஹாலிதா அதற்குள் எழுந்துவிட்டாள். பழைய கப் ஒன்றைத் தேடி எடுத்து, நீலத்தை விளிம்புவரை நிரப்பி, ஸ்டிக்கர் தெரியும்படி தட்டில் வைத்தாள். கல்யாணசுந்தரம் நன்றி சொல்லிக் கை நீட்டினார்.

"நீங்க வண்டில போய் உக்காருங்க சார். வண்டிக்குக் கொண்டுவந்து குடுக்குறதுதானே இங்க வழக்கம்," என்றாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டாமல் நடந்தாள். ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்.